வால்டர் பெட்டிகுரூவைத் தேடுகிறார்கள்

அத்தியாயம் 12

போன வாரம் படகுத்துறைச் சுவரோரம், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆங்கஸ் மாரிசன் பேசிய தொலைபேசிப் பேச்சை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் வைத்துப் பேச முடியாத பேச்சு அது.

எடின்பரோ அலுவலகத்துப் பெண் சொன்னாள்: "முடிவு ஆயிடுச்சு சார். என்ன முடிவுன்னு ஃபோன்ல சொல்ல எனக்கு அனுமதி இல்ல. நீங்க குடுத்த விலாசத்துக்கே கடிதம் வருது. அது மட்டும் இங்க திரும்பி வந்துடாம பாத்துக்குங்க. வந்துச்சுன்னா எல்லாம் முதல்லேருந்து."

முதலிலிருந்து என்றால் இன்னும் ஒன்றரை வருஷம். எழுபத்து நாலு வயசில், நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருக்கிறவரிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள்!

சிறுவயதில் அரசாங்கப் பொறுப்பில் இருந்தபோது வதைபட்டவர்களுக்கு ஸ்காட்லாந்து அரசு இழப்பீடு தருகிறது. ஆங்கஸ் மனு போட்டது பணத்துக்காக இல்லை. நீ சொன்னதை நம்புகிறோம் என்று யாராவது ஒரு வரி எழுதித் தர வேண்டும், அது போதும் அவருக்கு. அந்த ஒரு வரியைத் தவிர இந்த உலகத்தில் அவர் இப்போது வேறெதையும் கேட்கவில்லை.

ஆறு வயதில் கிளாஸ்கோவிலிருந்து கப்பலேற்றி இந்த லூயிஸ் தீவுக்கு அனுப்பியபோது அவர் பெயர் ஆங்கஸ் இல்லை. கழுத்தில் தொங்கிய அட்டையில் வால்டர் பெட்டிகுரூ என்று எழுதியிருந்தது. வளர்க்கக் கூட்டிக்கொண்டு போன மர்டோ மாரிசன் அந்த அட்டையைப் பிய்த்து அடுப்பில் போட்டார். "வாயில நுழையாத பேரு. இனிமே நீ ஆங்கஸ்" என்றார். பள்ளிக்கூடம், சபை, கல்யாணப் பதிவு எல்லாவற்றிலும் அதுவே நிலைத்துவிட்டது.

மனு போடும்போது ஆங்கஸ் ஒரு தந்திரம் செய்தார். மனைவி டோலினா கண்ணில் எதுவும் படக்கூடாது. அதனால் கடிதத்தைப் பழைய பெயரிலேயே, ஊர்க்கடைக்குள்ளேயே இருக்கும் தபால் கவுண்ட்டருக்கு அனுப்பச் சொன்னார். கவுண்ட்டரில் இருந்த கென்னியிடம், "என் சிநேகிதன் ஒருத்தனுக்கு ஒரு கடிதம் வரும், டிராயர்ல போட்டு வை" என்று சொல்லியும் வைத்தார். கென்னி எதையும் கேட்காத மனுஷன்.

அந்தக் கென்னிதான் புதன்கிழமை படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

இன்று சனிக்கிழமை.

நோர்டால் கிராமத்தில் சனிக்கிழமை என்றால் இரண்டு நாள் வேலை. ஞாயிறு ஓய்வுநாள். துணி காயப்போடக்கூட ஆள் வெளியே வரமாட்டார்கள். உருளைக்கிழங்கை இன்றே உரித்துத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். ஆங்கஸ் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். டோலினா கடையிலிருந்து திரும்பிவந்து, ரொட்டிப் பையை மேஜையில் வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா, நம்ம ஊருல ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்."

"யாரு?"

"அதான் யாருக்கும் தெரியல. வால்டர் பெட்டிகுரூவாம். எடின்பரோலேருந்து கடிதம் வந்திருக்கு. எய்லி அதை அறிவிப்புப் பலகையில குத்தி வச்சிருக்கா."

கத்தி உருளைக்கிழங்கை விட்டு விலகி அவர் கட்டைவிரலில் இறங்கியது. டோலினா பார்க்கவில்லை. அவர் விரலைத் தண்ணீருக்குள் முக்கிக்கொண்டார்.

"பலகையிலயா? தபால்னா உள்ள வைக்கணும்ல?"

"அந்தப் பொண்ணு பாவம், மாமன் கென்னிக்குப் பதிலா ரெண்டு நாளா நிக்குது. நல்ல மனசு. உரியவன் பாத்து வாங்கிக்கட்டும்னு வச்சிருக்கா. ஃபேஸ்புக்லயும் போட்டாச்சு." டோலினா மேலங்கியைக் கழற்றினாள். "கடையில ஒரே ரகளை. சைக்கிள்ல சுத்துறானே தாடிக்காரன், அவனா இருக்கும்னு ஒருத்தர். கடன்காரனுக்குப் பயந்து ஓடி வந்தவன்னு ஒருத்தர். நீதான் எல்லார் வீட்டுக் கதையும் தெரிஞ்சவனாச்சே. அப்படி ஒரு பேரக் கேள்விப்பட்டிருக்கியா?"

"இல்ல" என்றார் ஆங்கஸ்.

நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம், சொந்தப் பெயரைத் தெரியாது என்று சொன்னார். 

அவர் செய்த தப்பு அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பட்டணத்தில் தெரியாத பெயர் என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இருநூறு பேர் இருக்கிற ஊரில், நாய்க்குட்டியின் பெயர்கூட எல்லாருக்கும் தெரிந்த ஊரில், தெரியாத பெயரைவிடச் சத்தமான பொருள் வேறு எது? ஆங்கஸ் என்ற பெயரிலேயே கடிதம் வந்திருந்தால் ஒரு பயலும் கண்டுகொண்டிருக்க மாட்டான். மறைக்கிறேன் பேர்வழி என்று தானே தம்பட்டம் அடித்துவிட்டாரே!

"சர்க்கரை வாங்கினியா?" என்று கேட்டார்.

"வீட்டுல ரெண்டு பாக்கெட் இருக்கே."

"இன்னொன்னு இருக்கட்டும்." தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அறிவிப்புப் பலகை கடைவாசலை ஒட்டி உள்ளே இருந்தது. காணாமல்போன, ஆடு மேய்க்கும் நாயின் படம், கப்பல் நேரப் பட்டியல், நடுவில் அந்த வெள்ளை உறை. சிவப்புத் தலை ஊசி குத்தியிருந்தது. அரசாங்க முத்திரை எதுவும் இல்லை. பெயர் மட்டும் கொட்டை எழுத்தில். அறுபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு தன் பெயரை இப்படி நாலு பேர் பார்க்கிற இடத்தில் பார்க்கிறார். கை தானாக மேலே போனது.

"ஆங்கஸ் மாமா, தொடாதீங்க!" எய்லி கவுண்ட்டரிலிருந்து குரல் கொடுத்தாள். "காலைலேருந்து எல்லாரும் தொட்டுத் தொட்டு மூலையெல்லாம் அழுக்காயிடுச்சு."

"சும்மா பாத்தேன்மா." அவர் கையை இறக்கினார். "இதை யாரு வேணாலும் வாங்கிக்கலாமா?"

"அதெப்படி? அடையாளம் காட்டணும். பாஸ்போர்ட்டோ லைசென்ஸோ எதாவது. கென்னி மாமா எங்கிட்ட அதுல மட்டும் கறாரா இருன்னு ஆஸ்பத்திரியிலேருந்து ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்காரு."

சிநேகிதனுக்கு வந்த கடிதம் என்று சொல்ல வாய்திறந்தார். அதற்குள் பஸ் ஓட்டுகிற டானி, பால் டப்பாவோடு பின்னால் வந்து நின்றான்.

"என்ன ஆங்கஸ் அண்ணே, நீங்கதானா அந்த வால்டரு? எங்கயாவது இன்னொரு குடும்பம் வச்சிருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆங்கஸும் சிரித்தார். சிரிக்காமல் இருந்திருந்தால் மாட்டியிருப்பார்.

"இது எத்தனை நாளைக்கு இங்க இருக்கும்?"

"இன்னிக்கு அஞ்சரை வரைக்கும் கடை. நாளைக்கு ஓய்வுநாள். திங்கக்கிழமை காலையில முதல் வண்டியில திருப்பி அனுப்பிடணும். அதுக்குத்தான் எல்லாரையும் ஃபேஸ்புக்ல பகிரச் சொல்லிக் கெஞ்சிக்கிட்டிருக்கேன். நாப்பது பேரு பகிர்ந்துட்டாங்க மாமா, தெரியுமா?" அவள் முகம் பெருமையில் பூரித்திருந்தது. குற்றம் சொல்ல முடியுமா அந்தப் பெண்ணை?

வால்டர் பெட்டிகுரூ என்கிற ஆளுக்கு இந்தப் பூமியில் ஒரே ஒரு அடையாளம்தான் உண்டு. பிறப்புச் சான்றிதழ். அது ஆங்கஸ் வீட்டுக் கொட்டகையில், தூண்டில்முள் டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து நீட்டினால் கடிதம் கிடைக்கும். கூடவே டானி கேட்பான், எய்லி கேட்பாள், பொழுது சாய்வதற்குள் டோலினா கேட்பாள். எதற்கு இந்தப் பெயர், எதற்கு எடின்பரோ, மர்டோ தாத்தா உங்களுக்கு என்ன குறை வைத்தார்?

நீட்டாவிட்டால் திங்கட்கிழமை காலை எல்லாம் போயிற்று.

சர்க்கரை வாங்காமலே வெளியே வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பெரிய வீட்டுக்குப் போவது அவர் வழக்கம். மர்டோவின் மகள் எஃபி அங்கே தனியாக இருக்கிறாள். எண்பது வயசு. கல்யாணம் கட்டவில்லை. மூட்டுவலி வந்த பிறகு இரண்டு வருஷமாக வாசல் கேட்டைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய எரிகட்டியை, அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து விறகுபோல எரிக்கும் மண்கட்டியை, இன்றே உள்ளே கொண்டுவந்து அடுக்கிவிட்டு டோலினா கொடுத்தனுப்பும் ஆட்டுக்கறி சூப்பையும் வைத்துவிட்டு வருவார். கூடப் பிறக்கவில்லையே தவிர அக்காதான். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

சமையலறையில் அதே இரும்பு அடுப்பு. அதற்கு மேலே சட்டம் போட்ட படத்தில் மர்டோ, மடியில் வேதாகமத்தோடு. முப்பது வருஷம் சபை மூப்பராக இருந்தவர். அநாதைப் பையனை எடுத்து வளர்த்து, சாகும்போது பாதி நிலத்தையும் எழுதிவைத்த புண்ணியவான் என்று ஊரே சொல்லும். ஆங்கஸின் வீடு அந்தப் பாதி நிலத்தில்தான் நிற்கிறது.

"ஆடு எத்தனை குட்டி போட்டுது?" என்று கேட்டாள் எஃபி.

"நேத்து ரெண்டு. ஒண்ணு பிழைக்கல."

"ம்." அவள் அடுப்பு மூடியைக் கொக்கியால் தூக்கி ஒரு கட்டியை உள்ளே போட்டாள். அந்த மூடிக்கு ஒரு சத்தம் உண்டு. தூக்கும்போது இரும்பு இரும்பை உரசிக் கிறீச்சிடும். ஆறு வயசிலிருந்து கேட்கிற சத்தம். "கடையில உனக்குக் கடிதம் வந்திருக்காமே."

ஆங்கஸ் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். மேஜைமேல் டாக்டரிடம் பேசுவதற்காக அவளுக்குக் கொடுத்திருந்த டேப்லெட் கணினி கிடந்தது. அதில் அந்த உறையின் படம்.

"உனக்கு அந்தப் பேரு ஞாபகம் இருக்காக்கா?"

"அப்பா அட்டையை அடுப்புல போட்டப்போ நான் பக்கத்துலதானே நின்னேன். எதுக்கு எடின்பரோலேருந்து உனக்குக் கடிதம் வருதுன்னு எனக்குத் தெரியாதா? செய்தியில சொல்றதெல்லாம் நானும் கேக்குறேன்." எஃபி நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்பாவைப் பத்தி எழுதினியா?"

"நடந்ததை எழுதினேன்."

"என்னைப் பத்தியும் எழுதினியா?"

ஆங்கஸ் வாளியை மறுபடி கையில் எடுத்தார். எழுதியிருந்தார்.

மர்டோ ஞாயிற்றுக்கிழமை அடிக்கமாட்டார். அடிப்பதும் வேலைதான், ஓய்வுநாளில் வேலை ஆகாது. சனிக்கிழமை சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, "இந்த வாரம் இவன் எத்தனை தப்புப் பண்ணினான்?" என்று கேட்பார். பன்னிரண்டு வயசு எஃபி எண்ணிச் சொல்வாள். பால் சிந்தியது ஒன்று, பதில் பேசியது ஒன்று, படுக்கையை நனைத்தது நாலு. "சரி, திங்கக்கிழமை காலையில வா" என்று பையனிடம் சொல்லிவிட்டு ஜெபத்துக்குப் போவார். திங்கட்கிழமை மாட்டுக்கொட்டகையில், மாட்டைக் கட்டும் கயிற்றால், ஒன்றுக்கு ஐந்து வீதம்.

அடிகூட ஆங்கஸுக்கு மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் மறக்கவில்லை. சபையில் உட்கார்ந்து சங்கீதம் பாடிக்கொண்டே நாளைக்கு எத்தனை என்று கணக்குப் போட்ட அந்த முழு நாட்கள். ஒன்பது வருஷம் அப்படி. அதைத்தான் மனுவில் எழுதினார். 'அக்கா எண்ணிச் சொல்வாள்' என்கிற வரியை மூன்று முறை அடித்துவிட்டு நாலாவது முறை அப்படியே விட்டுவிட்டார்.

"எனக்குப் பன்னெண்டு வயசுடா" என்றாள் எஃபி. "பொய் சொல்லக் கூடாதுன்னு அவர்தானே சொல்லிக் குடுத்தாரு."

"தெரியும்கா."

"தெரிஞ்சும் எழுதின."

"ஆமா."

எஃபி கொக்கியை அடுப்புமேல் வைத்தாள். "நான் செத்ததுக்கு அப்புறம் எழுதியிருக்கலாம்ல? இன்னும் எத்தனை நாளு இருக்கப்போறேன்? ஊருல எல்லாரும் அப்பா பேரைச் சொல்லி எனக்கு எழுந்து நிக்கிறாங்க. திங்கக்கிழமை அது வந்த வழியே போகட்டும். கெஞ்சிக் கேக்குறேன். அவரு குடுத்த நிலத்துலதான உன் வீடு நிக்குது?"

"ஆமாக்கா. தினம் காலையில எழுந்து அவரு நிலத்துலதான் காலை வைக்கிறேன். நாப்பது வருஷமா வைக்கிறேன். எனக்கும் ஓடிப்போக இடம் இல்ல."

 ஆங்கஸ் மிச்சக் கட்டிகளை அடுக்கினார். சூப்பை அடுப்பு ஓரத்தில் வைத்தார். எப்போதும் போல "வரேன்கா" என்று சொல்லிவிட்டு வந்தார். 

கொட்டகையில் தூண்டில்முள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. டோலினா இரண்டு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது மணி ஐந்தேகால்.

அக்கா பாவம்தான். ஆனால் ஆறு வயசுப் பயலும் பாவம்தானே? அவனுக்காக யார் இதுவரை கெஞ்சினார்கள்? ஆங்கஸ் சான்றிதழை எடுத்து உள்பையில் வைத்துக்கொண்டார். இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து நடந்தார். வழியில் டானியின் பஸ் அவரைக் கடந்து எதிர்ப்பக்கம் போனது. டானி கை அசைக்கவில்லை. அது அவருக்கு விநோதமாகப் பட்டது.

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். அவர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது.

பலகையில் சிவப்புத் தலை ஊசி மட்டும் இருந்தது.

"எங்க அது?" ஆங்கஸுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை.

எய்லி கண் கலங்கி நின்றாள். "எஃபி பாட்டி வந்தாங்க மாமா. பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சு வந்தாங்க. அடையாளம் காட்டுங்கன்னேன். 'வால்டர் என் தம்பி. அந்தப் பேரை எங்கப்பா அடுப்புல போட்டப்போ நான் பாத்துக்கிட்டு நின்னேன். இதுக்குமேல உனக்கு என்னடி அடையாளம் வேணும்'னு கேட்டாங்க. எனக்குக் கை கால் ஓடல. குடுத்துட்டேன். தப்பா மாமா?"

எஃபிக்கு ஒரே ஒரு தம்பிதான் உண்டு என்று ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காலையில் சிரித்தவர்கள் யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

"தப்பில்லம்மா" என்றார்.

பெரிய வீட்டுக்கு ஏறும் பாதை செங்குத்து. நெஞ்சு இறுக்கியது. நின்று நின்று ஏறினார். சித்திரை மாத வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

இந்தத் தீவில் யாரும் கதவைத் தாழ் போடுவதில்லை. இந்தக் கதவில் தாழ் இருப்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும்.

"அக்கா, கதவைத் திற."

உள்ளே காலடிச் சத்தம். தடி தரையில் தட்டும் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து அது நின்றது.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன்." எஃபியின் குரல் அழுது ஓய்ந்த குரலாக இருந்தது. "எல்லாம் படிச்சேன்."

"என்ன எழுதியிருக்காங்க?"

தடி ஒருமுறை தரையில் தட்டியது.

"அக்கா, அது என் கடிதம். என்ன எழுதியிருக்காங்கன்னு மட்டும் சொல்லு."

"இப்ப எங்கிட்ட எதுவும் கேக்காத. நாளைக்கு ஓய்வுநாள்." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "திங்கக்கிழமை காலையில வா."

ஆங்கஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். வேண்டுமென்று சொன்னாளோ, வாயில் வந்ததைச் சொன்னாளோ. அதே வார்த்தை, அதே சனிக்கிழமை, அதே வாசல். திரும்பிப் போய்விட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. போய், நாளை முழுக்கச் சபையில் உட்கார்ந்து, திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டும். அவருக்குப் பழகிய வேலைதானே அது.

பின்னால் சரளைக்கல் நெரிபட்டது. டோலினா வந்துகொண்டிருந்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கையில் செல்ஃபோன். அவளுக்கு அதற்குள் எத்தனை பேர் கூப்பிட்டுச் சொன்னார்களோ!

"ஆங்கஸ்" என்றாள். "ஊருல என்னென்னமோ சொல்றாங்க. காலையில உன்னைக் கேட்டேனே. இல்லன்னியே."

அவர் அவளைப் பார்த்தார். சொல்வதற்கு அறுபத்தெட்டு வருஷம் இருந்தது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. கதவின் பக்கம் திரும்பி, உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்.

"திங்கக்கிழமை வரமாட்டேன்கா. இப்பவே திற."  கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். "வால்டர் வந்திருக்கேன். கதவைத் திற."

டோலினாவின் கையிலிருந்த ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. அவள் எடுக்கவில்லை.

உள்ளே தடிச் சத்தம் கதவை விட்டு மெல்ல விலகிப் போனது. பிறகு, அடுப்பு மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டது.